கதவு என்னும் எழுத்து

2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா வைரஸின் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளின் பெயர்களைச் சூட்டியது. எந்த நாட்டின் பெயரும் நோயோடு ஒட்டிக்கொண்டு அந்த மக்களுக்கு இழிவு சேர்க்கக் கூடாது என்பது அதன் நோக்கம். ஆல்ஃபா, பீட்டா, காமா ஆகியவை வேறு திரிபுகளுக்குப் போய்விட, இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட திரிபுக்கு நான்காம் எழுத்தான டெல்டா வந்து சேர்ந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம், முள்ளியாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து என் அத்தை அந்த வாரமே கைப்பேசியில் அழைத்தார். எழுபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவர், ஆனால் செய்திகளை ஒன்றுவிடாமல் கேட்பவர். அவர் குரலில் இருந்தது கோபமல்ல, மனத்தாங்கல்.

"ஏன்டா தம்பி, நம்ம டெல்டா பேர எதுக்குடா நோய்க்கு வச்சாங்க? நம்ம பக்கத்துலேருந்தா கெளம்புச்சு?"

இல்லை அத்தை, அது கிரேக்க மொழியில் ஓர் எழுத்து, நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுத்துன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்ல?" என்று கேட்டார். எழுத்துக்கு ஏது அர்த்தம், அது வெறும் பெயர்தான் என்று பதில் சொல்லி வைத்துவிட்டேன். அன்று நான் அவரிடம் சொன்ன இரண்டுமே தவறு. அந்த எழுத்துக்கு அர்த்தம் இருந்தது. நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமும் இருந்தது. அதைத் தேடித் தெரிந்துகொண்ட கதையை அவருக்குச் சொல்வதற்கு முன் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பத்தில்தான் இதைத் தொடங்கினேன்.

எழுத்தின் பெயருக்குப் பொருள் கிடையாது என்று தமிழர் ஒருவர் நினைப்பது இயல்பு. அகரம், இகரம், ககரம், மகரம் என்று ஒலியோடு ஒரு சாரியையைச் சேர்த்து எழுத்துக்குப் பெயரிடுவது நம் இலக்கண மரபு. அந்தப் பெயர் எழுத்தைக் காட்டுமே தவிர வேறு எதையும் காட்டாது. ஓர் எழுத்தே சொல்லாக நிற்பது வேறு விஷயம். ஆ, ஈ, தீ, பூ, கை என்று அப்படிப்பட்ட ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆனால் அங்கே சொல்லாக இருப்பது எழுத்தின் ஒலி. எழுத்தின் பெயர் அன்று. கிரேக்கருக்கு எழுத்தைக் கொடுத்த ஃபினீசியர்களின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. இன்றைய லெபனான் கடற்கரையில் திர், சிதோன், பிப்லோஸ் போன்ற துறைமுகங்களில் வாழ்ந்த அந்த வணிகர்களிடம் 22 எழுத்துகள் இருந்தன; அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் அன்றாடம் கண்ணில் படும் ஒரு பொருளின் பெயர். முதல் எழுத்து அலெஃப், காளை. இரண்டாவது பேத், வீடு. நான்காவது தாலெத். கதவு.

அலெஃப் என்றால் காளை, தமிழில் ஆ என்றால் பசு, ஆகவே இரண்டும் ஒன்று என்று யாரேனும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது தற்செயல். அலெஃபில் முதலில் ஒலிப்பது உயிரெழுத்தே அன்று. தொண்டையில் மூச்சை நிறுத்தி விடும் ஒரு மெய். சொல்லின் வரலாற்றை ஒலியொற்றுமையை மட்டும் வைத்து எழுதுவது நம் மொழிக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

பொருள்களின் பெயர் எழுத்துகளுக்கு ஏன் வந்தது என்பதற்கான விடை சினாய்ப் பாலைவனத்தில் கிடைத்தது. 1905-ல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற அகழ்வாய்வாளர் செராபித் எல்-காதிம் என்னும் இடத்தில், எகிப்திய அரசர்கள் நீலப்பச்சை மணிக்கல் வெட்டிய பழைய சுரங்கங்களின் பக்கத்தில், விளங்காத எழுத்துப் பொறிப்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் போலவே தோன்றினாலும் அது எகிப்திய மொழியாகப் படிக்க வரவில்லை. மொத்தக் குறிகளும் முப்பதைத் தாண்டவில்லை. 1916-ல் ஆலன் கார்டினர் என்ற எகிப்தியவியல் அறிஞர் அதன் பூட்டைத் திறந்தார். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், கையில் தூக்கிவிடக்கூடிய ஒரு சிறு ஸ்ஃபிங்க்ஸ் சிலையில் அவர் நான்கு குறிகளைப் பார்த்தார்: வீடு, கண், மாட்டை ஓட்டும் தார்க்கோல், சிலுவை போன்ற ஓர் அடையாளம். ஃபினீசியம், எபிரேயம், அரபு ஆகியவை அடங்கிய செமிட்டிக் மொழிக் குடும்பத்தில் அந்தப் பொருள்களுக்கு உள்ள பெயர்களைச் சொல்லி ஒவ்வொன்றின் முதல் ஒலியை மட்டும் எடுத்தால் 'பஅலத்' என்ற சொல் வருகிறது. தலைவி, பெருமாட்டி என்று பொருள். அதே சிலையில் எகிப்திய எழுத்தில் ஹாத்தோர் தேவியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததால், அந்தப் பெருமாட்டி யார் என்பதும் விளங்கிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு அணில் படம் போட்டு 'அ' சொல்லிக்கொடுக்கிறோம். அணில் படமே 'அ' என்ற எழுத்தாக ஆகிவிட்டால் எப்படியிருக்கும், அதுதான் அவர்கள் செய்தது. எகிப்தியச் சித்திர எழுத்து நூற்றுக்கணக்கான குறிகளைக் கொண்டது. அதைக் கற்க எழுத்தர் குடும்பத்தில் பிறந்து ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய செமிட்டிக் மொழி பேசும் மக்கள், 3,500 ஆண்டுகளுக்கு முன்பே, தங்கள் மொழியில் அந்தப் பொருளுக்கு என்ன பெயரோ அதன் முதல் ஒலிக்கு மட்டும் படத்தை வைத்துக்கொண்டார்கள். கதவு 'த' ஒலிக்கு ஆனது இப்படித்தான். சினாயின் பழைய பொறிப்புகளில் 'த' ஒலிக்கு நிற்பது கதவுப் பலகையா, மீனா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செமிட்டிக் மொழிகளில் மீனுக்கு 'தாக்' என்றும் பெயர், அதுவும் அதே ஒலியில் தொடங்குகிறது. வடிவம் எதிலிருந்து வந்திருந்தாலும், கடைசியில் நிலைத்த பெயர் கதவினுடையது. ஃபினீசியர் கைக்கு வரும்போது படம் தேய்ந்து மூன்று கோடுகளாக, ஒரு முக்கோணமாக ஆகியிருந்தது.

கிரேக்கர்கள் இந்த எழுத்துகளைக் கடல் வணிகத்தின் வழியே பெற்றார்கள். ஐந்தாம் நூற்றாண்டில், பொதுயுகத்துக்கு முன், ஹாலிகர்னாசஸ் ஊரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்: காட்மஸுடன் வந்த ஃபினீசியர்கள்தாம் கிரேக்கருக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள், ஆகவே ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கர்களான அயோனியர்கள் அவற்றை 'ஃபினீசிய எழுத்துகள்' என்றே அழைத்தார்கள், அதுவே நியாயம் என்கிறார். இரவல் வாங்கியதை இரவல் என்று சொல்லும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. காட்மஸ் புராணப் பாத்திரம். ஆனால் மற்றது உண்மை. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய கிரேக்க எழுத்துகளில் ஒன்று, ஏதென்ஸில் 1871-ல் கிடைத்த ஒரு மதுக்குடுவையின் தோளில், ஃபினீசிய முறைப்படியே வலமிருந்து இடமாகக் கீறப்பட்டிருக்கிறது. அந்தக் குடுவை கிடைத்த இடத்துக்குப் பெயர் டிபிலோன், இரட்டைவாசல்.

பெயரை வாங்கியபோது கிரேக்க வாய் அதைத் தன் வழிக்குத் திருத்திக்கொண்டது. கிரேக்கச் சொல் பொதுவாக உயிரிலோ அல்லது ன், ர், ஸ் ஒலிகளிலோதான் முடியும். தாலெத் போல வல்லின மெய்யில் முடியும் சொல் அவர்கள் நாக்கில் நிற்காது. ஆகவே கடைசியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தார்கள். அலெஃப் ஆல்ஃபா ஆனது, பேத் பீட்டா ஆனது, தாலெத் டெல்டா ஆனது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பல்பை 'பல்பு' என்றும், போல்ட்டை 'போல்ட்டு' என்றும், மோட்டார் செட்டை 'மோட்டார் செட்டு' என்றும் சொல்லும்போது நாமும் இதையேதான் செய்கிறோம். நாம் உகரம் சேர்க்கிறோம், அவர்கள் ஆகாரம் சேர்த்தார்கள்.

ஆனால் வாய்க்கு வசதியான அந்த நொடியிலேயே பொருள் கைநழுவிப் போயிற்று. கிரேக்க மொழியில் கதவுக்குச் சொல் 'தைரா'. அது தொடங்குவது வேறோர் எழுத்தில். டெல்டா என்று சொல்லும் கிரேக்கச் சிறுவனுக்கு அதில் கதவு தெரிய வழியே இல்லை. கிரேக்கப் பெயர்ச்சொற்கள் எல்லாம் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும். எழுத்துகளின் பெயர்கள் மட்டும் மாறாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். அயலூரிலிருந்து வந்தவை என்பதற்கு அந்த விறைப்பே சாட்சி.

கதவு முழுவதுமாகத் தொலைந்துவிட்டதா என்றால், இல்லை. இந்தத் தேடலில் என்னை மிகவும் நெகிழச் செய்தது இந்தப் பகுதிதான்.

பழைய கிரேக்கத்தில் எழுதும் பலகைக்கு 'டெல்டோஸ்' என்று பெயர். எழுத்தின் பெயரும் பலகையின் பெயரும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயல் அன்று; இரண்டும் ஒரே செமிட்டிக் சொல்லிலிருந்து வந்தவை என்பது அறிஞர் பலரின் முடிவு. மரத்தில் இரண்டு சிறு பலகைகளைச் செய்து, உட்பக்கத்தை ஆழமில்லாமல் குடைந்து, அதில் மெழுகைப் பரப்பி, இரண்டையும் கீல் போட்டு இணைப்பார்கள். ஆணி போன்ற எழுதுகோலால் மெழுகில் கீறி, எழுத்து அழியாதபடி மூடி எடுத்துச் செல்வார்கள். கீலில் ஆடி, திறந்து மூடும் இரண்டு பலகைகள். அதைப் பார்த்தவர்களுக்கு இரட்டைக் கதவு நினைவுக்கு வராமல் வேறு எது வரும்? ஆகவே பலகைக்கும் கதவு என்றே பெயரிட்டார்கள்.

அப்படிப்பட்ட பலகை ஒன்று கடலடியிலிருந்து மீண்டு வந்திருக்கிறது. துருக்கியின் தென்கரையில் காஷ் என்ற ஊருக்கு அருகே, உலுபுருன் முனையில், கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் 1982-ல் ஒரு பழைய கப்பலைக் கண்டார். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்புக் கட்டிகளும் கண்ணாடிக் கட்டிகளும் தந்தமும் ஏற்றிச் சென்று மூழ்கிய கப்பல் அது. 1984 முதல் பத்து ஆண்டுகள் அதை அகழ்ந்தார்கள். சரக்குகளுக்கு இடையே, உள்ளங்கையில் அடங்கும் அளவில், மடக்கு மரப்பலகை ஒன்று அகப்பட்டது. இரண்டு இலைகளும் பாக்ஸ்வுட் மரம். நடுவே தந்தத்தால் கடைந்த கீல். உட்புறத்தில் மெழுகு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவைத்த கோடுகள் இன்றும் தெரிகின்றன. மெழுகு கரைந்துபோய், அதில் இருந்த எழுத்தும் கடலோடு போய்விட்டது. சரக்குக் கணக்கோ, யாருக்கேனும் எழுதிய ஓலையோ, அந்தச் சின்னக் கதவுக்குள் ஒரு காலத்தில் எதுவோ இருந்தது. அதன் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிகளின் மேலும் கீழும் வைத்துக் கட்டியிருந்த இரண்டு மரச்சட்டங்கள், பிடித்துப் பிடித்து வழவழப்பேறிப்போன அவற்றின் ஓரங்கள், விரல் நுனியில் திரும்பி வந்தன.

எபிரேய மொழியிலும் அதே சொல் எழுத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. யூதேயாவின் லாகீஷ் கோட்டையில் 1935-ல் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில், பாபிலோனியப் படை நாட்டைச் சூழ்ந்துகொண்டிருந்த கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு படைவீரர் தம் தலைவருக்கு மையால் எழுதிய கடிதங்கள் இருந்தன. நான்காம் கடிதத்தில் அவர், நீங்கள் சொல்லியனுப்பியபடியே 'தெலத்' மீது எழுதிவிட்டேன் என்கிறார். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'கதவின் மேல் எழுதிவிட்டேன்' என்றாகும். எழுதுபலகையாகவோ சுருளின் ஒரு பத்தியாகவோ அதைக் கொள்வதே பெரும்பாலும் வழக்கம். விவிலியத்தில் எரேமியாவின் 36-ஆம் அதிகாரத்தில், யோயாக்கீம் அரசன் தன் முன் வாசிக்கப்பட்ட சுருளை மூன்று நான்கு பத்திகள் முடிய முடிய எழுத்தரின் கத்தியால் அறுத்துக் கணப்புத் தீயில் போட்டான் என்று வரும் இடத்திலும், பத்திக்கு நிற்கும் சொல் கதவுகள் என்பதே. ஒவ்வொரு கதவாக அவன் தீக்கு இரையாக்கினான்.

அதே விவிலியத்தின் 119-ஆம் சங்கீதம் எபிரேய எழுத்து வரிசையில் அமைந்தது. 22 எழுத்துக்கும் எட்டெட்டு அடிகள்; ஒவ்வொரு பகுதியிலும் எல்லா அடிகளும் அந்தந்த எழுத்தில் தொடங்கும். அகர வரிசையில் நீதி சொல்லும் நம் மரபை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது. தாலெத் பகுதியின் எட்டு அடிகளில் ஐந்து, 'தெரெக்' என்ற ஒரே சொல்லில் தொடங்குகின்றன. தெரெக் என்றால் வழி. கதவின் பெயர் கொண்ட எழுத்தில் வழியைப் பற்றிப் பாடியவர் அதை எண்ணிப் பாடினாரோ, எழுத்து இழுத்த இழுப்பில் சொல் வந்து விழுந்ததோ, வாசிக்கும்போது மனம் நிறைகிறது.

இனி ஆற்றுக்கு வருகிறேன்.

பெயரின் பொருளை இழந்த கிரேக்கரிடம் எழுத்தின் வடிவம் மட்டும் மிஞ்சியது. மூன்று கோடுகள், மேலே ஒரு முனை, கீழே ஒரு தட்டையான அடி. எகிப்துக்குப் போன அயோனிய வணிகர்கள் நைல் நதி கடலோடு சேரும் நிலத்துக்கு அந்த எழுத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். இன்றைய வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் நைலின் முக்கோணம் தலைகீழாகத் தெரியும். முனை தெற்கே கெய்ரோவில், அடி வடக்கே மத்தியதரைக் கடலில். இது ஏன் டெல்டாவைப் போலத் தோன்றியது என்று நான் நெடுநாள் குழம்பியிருக்கிறேன். கப்பலில் வருகிறவரின் இடத்தில் நின்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. அவர் வடக்கிலிருந்து வருகிறார். அகன்ற கரை அவருக்குப் பக்கத்தில், கண்ணெதிரே கிடக்கிறது. ஆறு பிரியும் முனை எட்டத்தில், உள்நாட்டில் இருக்கிறது. காலடியில் அடிக்கோடு, தொலைவில் உச்சி. கடலிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த எழுத்து நிமிர்ந்தே நிற்கிறது. கரையில் குடியிருந்த எகிப்தியர் சூட்டிய பெயராக இருந்திருந்தால் அது இப்படி அமைந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹெரோடோட்டஸ் அந்த நிலத்தின் எல்லையைத் துல்லியமாகச் சொல்கிறார். கரையோரமாகப் பெர்சியஸின் காவற்கோபுரம் என்ற இடத்திலிருந்து பெலூசியத்தின் மீன் உப்பிடும் களங்கள் வரை. உள்நாட்டில் கெர்க்காசோரஸ் என்ற ஊர் வரை, அங்கேதான் நைல் பிரிகிறது. எகிப்து என்றால் டெல்டா மட்டும்தான் என்று அயோனியர்கள் சொல்லிவந்தார்களாம். அதை அவர் விடாமல் மறுக்கிறார். டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் அண்மைக் காலத்தில் உண்டான நிலம் என்பது எகிப்தியரே ஒப்புக்கொள்வது, தமக்கும் உடன்பாடு என்கிறார். அப்படியானால் டெல்டா உண்டாவதற்கு முன் எகிப்தியருக்கு நாடே இருந்திருக்காதே! பிறகு உலகில் முதலில் தோன்றியவர்கள் தாங்களே என்று அவர்கள் ஏன் நினைத்தார்கள்? இரண்டு குழந்தைகளைப் பேச்சே காதில் விழாமல் வளர்த்து, அவர்கள் முதலில் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று எதற்காகச் சோதித்தார்கள்? இன்னொன்றும் கேட்கிறார். உலகம் ஐரோப்பா, ஆசியா, லிபியா (அன்றைய வழக்கில் ஆப்பிரிக்கா) என்று மூன்று பகுதி என்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி ஆசியாவிலும் சேராத, லிபியாவிலும் சேராத டெல்டாவை நான்காவதாகச் சேர்க்க வேண்டியதுதானே? நான்காம் எழுத்தின் பெயர் கொண்ட நிலம் நான்காவது கண்டமாக அங்கே வந்து நிற்கிறது.

ஆறு தந்த கொடை என்று எகிப்தைப் பற்றி அவர் சொன்னது உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் அந்தச் சொற்களைவிட, கரையிலிருந்து ஒரு நாள் கப்பல் தூரத்தில் ஈயக்குண்டை இறக்கினாலும் பதினோரு பாக (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) ஆழத்தில் சேறு ஒட்டிக்கொண்டு வரும் என்று அவர் சொல்லும் இடம்தான் எனக்கு அருமையானது. நிலம் கடலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அவர் காட்டும் சான்று அந்தக் கைப்பிடிச் சேறு. வண்டல் படிந்த வயலில் காலை வைத்தவர்களுக்கு அந்தச் சேறு எப்படி விரலிடுக்கில் ஒட்டும் என்று சொல்ல வேண்டாம்.

ஹெரோடோட்டஸுக்கு டெல்டா என்றால் நைலின் நிலம் மட்டுமே; அது ஓர் ஊர்ப்பெயர் போல. வேறோர் ஆற்றுக்கு அந்தச் சொல்லைக் கிரேக்கர் நீட்டியது இந்தியாவில்தான் என்று அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. கி.மு. 325-ல் அலெக்சாந்தர் சிந்து நதியில் இறங்கி வந்து, அது இரண்டாகப் பிரியும் பட்டாலா என்ற இடத்தை அடைந்தார். உடன் வந்த நியார்க்கஸ், ஒனேசிகிரிட்டஸ் போன்றவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு பின்னாளில் வரலாறு எழுதிய ஏரியன், சிந்துவும் எகிப்தின் டெல்டாவைப் போலவே ஒரு டெல்டாவை உண்டாக்குகிறது, இந்தியர் மொழியில் அதற்குப் பட்டாலா என்று பெயர் என்கிறார். நைலைப் பார்த்த கண்கள் சிந்துவைப் பார்த்தபோது, ஓர் ஊர்ப்பெயராக இருந்தது நிலவகையின் பெயராக மாறத் தொடங்கியது. நெடுங்காலத்துக்குப் பின், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வங்கத்தை அளந்து வரைபடம் தீட்டிய ஜேம்ஸ் ரென்னல் கங்கையின் முகத்துக்கு அதே சொல்லை எழுதினார். ஆங்கிலேயப் பொறியாளர்களின் கோப்புகள் வழியாகத் தஞ்சைக்கு அது வந்து சேர்ந்தது.

அதற்கு முன் நம் நிலத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சோழனின் நாட்டைப் புனல்நாடு என்றும் பொன்னிநாடு என்றும் பழந்தமிழ் சொல்லிற்று. கிரேக்கர் கோட்டைப் பார்த்துப் பெயரிட்டார்கள், நாம் தண்ணீரைப் பார்த்துப் பெயரிட்டோம். இரண்டில் எனக்கு எது உயர்ந்தது என்று கேட்டால் புனல்நாடு என்றுதான் சொல்வேன். கழிமுகம், வடிநிலம், படுகை என்ற சொற்களும் நம்மிடம் உண்டு. அவை பாடநூலிலும் அரசாணையிலும் வாழ்கின்றன. ஆனால் களத்துமேட்டில் வாழும் சொல் டெல்டாதான். 'டெல்டாக்காரங்க' என்று சொல்லும்போது அதில் குறுவையும் சம்பாவும், மேட்டூர் திறக்குமா என்ற கவலையும், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியலுக்கு உட்கார்ந்த நாட்களும் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு சொல்லை எங்கிருந்து பெற்றோம் என்பது வேறு, அதில் எவ்வளவு வாழ்ந்தோம் என்பது வேறு. காவிரியின் முக்கோணம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது: முனை மேற்கே கல்லணையில், அடி கிழக்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்து நிமிர்ந்துவிடும்.

இந்த எழுத்து போன மற்ற ஊர்களையெல்லாம் சொல்லி மாளாது. மேற்குக் கிரேக்கர் வளைத்து எழுதிய அதன் வடிவமே இத்தாலியின் பழங்குடிகளான எத்ருஸ்கர் வழியாக இலத்தீனுக்குப் போய் ஆங்கில 'டி' ஆயிற்று. வானத்தில் மூன்று விண்மீன்களைக் கிரேக்கர் டெல்டோட்டன் என்று அழைத்தார்கள். தோளின் முக்கோணத் தசைக்கு டெல்டாய்டு என்று பெயர். டெல்டா திரிபு பரவிய அதே மாதங்களில் நாம் வரிசையில் நின்று தடுப்பூசி போட்டுக்கொண்டது அந்தத் தசையில்தான். கணிதத்தில் தலைகீழ் டெல்டா ஒன்று உண்டு. எடின்பரோவில் இயற்பியலாளர் பீட்டர் டெய்ட்டும் நண்பர்களும் அதற்குப் பெயர் தேடியபோது, டெல்டாவின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்து 'அட்லெட்' என்றும் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு செமிட்டிக் மொழி அறிஞரான ராபர்ட்சன் ஸ்மித், அந்த வடிவில் இருந்த பழைய யாழின் பெயரால் 'நாப்லா' என்று அழைக்கலாம் என்றார். அந்த யாழின் பெயரும் கிரேக்கருக்கு ஃபினீசியர் பக்கத்திலிருந்து வந்தது. தலைகீழாகக் கவிழ்த்த பிறகும் எழுத்து தன் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

தேடலின் கடைசியில் நான் பார்த்தது கதவுகளை. மரத்தாலும் இரும்பாலும் ஆன, உண்மையான கதவுகள். கெய்ரோவுக்கு வடக்கே, நைல் ரொசெட்டா, டமியெட்டா என்று இரண்டு கிளைகளாகப் பிரியும் அதே முனையில், முகமது அலி பாஷா காலத்தில் தொடங்கி 19-ஆம் நூற்றாண்டில் ஓர் அணையைக் கட்டினார்கள். அது விரிசல் விட்டு வீணாய்க் கிடந்தபோது 1880-களில் அதைச் சீராக்கியவர் காலின் ஸ்காட்-மான்கிரீஃப். இந்தியாவில் பாசனக் கால்வாய்களில் வேலை பார்த்து அனுபவம் பெற்றவர். டெல்டாவின் உச்சியில் வரிசையாகக் கதவுகள். நம்மிடமும் அதேதான். 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அங்கிருந்து கிழக்கே கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் தனித்தனி மதகுகள். அங்கிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று ஆறு கிளைக்கும் ஒவ்வொரு தலைப்பிலும் கதவு. கடைசியில் எங்கள் ஊர் வாய்க்காலின் தலைமதகு வரை எல்லாம் கதவுகள்தாம். எழுத்தின் பெயருக்குள் அடைந்து கிடந்ததை நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளில் நான் ஊரில் இருந்தேன். எங்கள் தலைமதகு பெரிதொன்றுமில்லை. செங்கல் கட்டடம், இரண்டு கண்கள், ஒவ்வொன்றிலும் துருவேறிய ஓர் இரும்புப் பலகை, மேலே திருகு கம்பி. லஸ்கர் கைப்பிடியை மாட்டிச் சுற்றத் தொடங்கினார். முதலில் கம்பி கிறீச்சிட்டது, பலகை அசையவில்லை. கிரீஸைத் தடவி மறுபடி சுற்றியதும் அடியில் விரற்கடை அளவு இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் முதலில் வந்தது தண்ணீர் அன்று, நுரையும் சருகும் ஆகாயத்தாமரை வேரும். அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர், வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரையின் பிளவுகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போயிற்று. அத்தை முந்தானையில் முடிந்துவைத்திருந்த நெல்லையும் பூவையும் அதில் போட்டார்.

அங்கேயே மதகுக் கட்டையில் அவரை உட்காரவைத்து, நான் முன்பு சொன்னது தவறு என்றும் அந்த எழுத்துக்கு அர்த்தம் உண்டு என்றும் சொன்னேன். மூவாயிரம் ஆண்டுக்கு முன் கடல் வணிகம் செய்தவர்கள் வைத்த பெயர், கதவு என்று பொருள், பிறகு ஆற்றுக்கு வந்தது, அப்படியே நமக்கு வந்தது என்று இதில் எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கையைக் கண்ணுக்கு மேல் குவித்து ஓடும் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கதவுடா? பாசன மதகா, வடிகால் மதகா?"

"வீட்டுக் கதவு அத்தை."

"அப்ப ரெண்டுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் வயலின் மடை திறந்திருக்கிறதா என்று பார்க்க வரப்பில் இறங்கி நடக்கத் தொடங்கினார்.